கொஞ்சம் ஃபேனை நிறுத்துங்க!

சில பேருக்கு நாற்பது வயசில் சர்க்கரை வரும். சில பேருக்குக் கவிதை வரும். எனக்கு வாட்ச் வந்தது.

வாங்குகிற ஆசை இல்லை சார். அது கையில் காசு இருந்தால் அரை மணியில் தீர்ந்துவிடும். எனக்கு வந்தது செய்கிற ஆசை.

"வாட்ச்சை வீட்டுல செய்யப் போறீங்களா? அது என்ன வடாமா, மொட்டை மாடியில காயவெச்சு எடுக்க?" என்றாள் என் மனைவி.

நியாயமான கேள்விதான். ஜார்ஜ் டேனியல்ஸ் என்று ஓர் ஆங்கிலேயர் இருந்தார். 2011-ல் காலமானார். பல்சக்கரம், ஸ்குரூ, டயல், கேஸ் என்று சகலத்தையும் ஒற்றை ஆளாக உட்கார்ந்து செய்து வாட்ச் படைத்த மனுஷர். நான் அந்த ஜாதி இல்லை. எங்கள் வீட்டு டியூப் லைட்டுக்கு ஸ்டார்ட்டர் மாட்டவே எலெக்ட்ரீஷியன் வருவார். என் திட்டம் எளிமையானது. உள்ளே ஓடுகிற இயந்திரம் ஏற்கெனவே இருப்பது. அதற்குப் புது டயல், புது முள், புது கேஸ், புது ஸ்ட்ராப் போட்டு ஒரு 'டிரஸ் வாட்ச்' செய்வது.

டிரஸ் வாட்ச் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: முழுக்கைச் சட்டையின் கஃப்புக்குள் சத்தமில்லாமல் நுழைந்துகொள்ளும் ஒல்லியான வாட்ச். தோல் ஸ்ட்ராப். தேதி கிடையாது, கிழமை கிடையாது, இருட்டில் மினுங்கும் பச்சை கிடையாது. சுத்தமான கட்சி செகண்டு முள்ளே கூடாது என்கிறது. அதில் ஒரு சௌகரியம் உண்டு. வாட்ச் எவ்வளவு பிசகாக ஓடுகிறது என்று வெளியாள் யாருக்கும் தெரியாது!

ஆனால் ஓர் ஆபத்தும் உண்டு. எல்லாவற்றையும் எடுத்துவிட்ட பிறகு மிச்சம் இருப்பது ஒரு வெற்று வட்டமும் இரண்டு முள்ளும்தான். தப்பு செய்தால் ஒளித்துவைக்க இடம் கிடையாது. வழுக்கைத் தலையில் உட்கார்ந்த ஈ மாதிரி தெரியும்.

* * *

இயந்திரத்துக்கு எங்கே போவது? பீரோவுக்குத்தான். அங்கே அப்பாவின் ஹெச்.எம்.டி. ஜனதா இருந்தது.

ஹெச்.எம்.டி.யைப் பற்றி இந்தத் தலைமுறைக்கு இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். 1961-ல் ஜப்பானின் சிட்டிஸன் கம்பெனியோடு கைகோத்து பெங்களூரில் மத்திய அரசு ஆரம்பித்த வாட்ச் தொழிற்சாலை. ஒரு காலத்தில் பரீட்சை பாஸானாலும், வேலை கிடைத்தாலும், பெண் கொடுத்தாலும் ஹெச்.எம்.டி.தான். பிறகு பேட்டரி வாட்ச் வந்தது, நம் ஓசூரிலிருந்து டைட்டன் வந்தது, கடைசியில் செல்போனும் வந்தது. 2016-ல் அந்த வாட்ச் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது.

அப்பா தாலுகா ஆபீஸில் கிளார்க். 1976-ல் அரியர்ஸ் பணம் வந்தபோது, பெங்களூர் போன சிநேகிதரிடம் சொல்லிவைத்து வாங்கிய வாட்ச். சாவி கொடுக்கிற ரகம். ஆறு மணி இருக்க வேண்டிய இடத்தில் குட்டியாக ஒரு வட்டம், அதில் துருதுருவென்று ஓடும் செகண்டு முள். 'பதினேழு கல் வாட்ச்' என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அத்தனையும் செயற்கை மாணிக்கம், அச்சு தேயாமல் சுற்றுவதற்காகப் போடுவது என்பது தெரியாமல், எங்கள் வீட்டில் பதினேழு மாணிக்கம் இருப்பதாக நான் ஸ்கூலில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வியர்வை பட்டுப்பட்டு கேஸின் குரோமியம் உரிந்து பித்தளை பல்லை இளித்துவிட்டது. டயலில் தேமல். ஒரு நாள் ஓட்டமும் நின்றது. அப்பா அதைக் கைக்குட்டையில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டு, "ஒரு நாள் கடையில காட்டணும்" என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"குடுங்கப்பா, நான் காட்டறேன்" என்றேன். இதுதான் முதல் பொய். அடுத்த ஆடியில் அவருக்கு எண்பது வயசு. அன்றைக்கு அதையே டிரஸ் வாட்ச்சாக்கிக் கையில் கட்டி அசத்திவிடுவது என்று உத்தேசம்.

* * *

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கச்சேரி ஆரம்பமானது. டைனிங் டேபிளில் வெள்ளைத் துணி. குட்டி ஸ்குரூ டிரைவர், ட்வீஸர், கண்ணில் மாட்டுகிற லென்ஸ். முதல் விதி: ஃபேனை நிறுத்த வேண்டும். காற்றில் தூசி வரும், இலேசான பாகங்கள் பறக்கும். அப்போது கத்திரி வெயில். ஐந்தாவது நிமிஷம் என் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு புறப்பட்டு பதினேழு மாணிக்கத்தையும் குறிபார்த்தது.

"ஏங்க, மாமா ரூம்லயும் ஃபேனை நிறுத்தணுமா?"

"வேண்டாம். அப்பாவுக்கு விஷயம் தெரியக் கூடாது."

இரண்டாவது விதி: பிரிப்பதற்கு முன் மெயின் ஸ்பிரிங்கில் முறுக்கு மிச்சம் இருந்தால் மெல்ல இறக்கிவிட வேண்டும். செய்தேன். மூன்றாவது, சாவித் தண்டைக் கழற்றுவது. அதற்கு ஒரு குட்டி ஸ்குரூ இருக்கிறது. ஒன்று, ஒன்றரைச் சுற்று தளர்த்தினால் போதும், தண்டு வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அதற்கு மேல் திருகினால் அந்த ஸ்குரூ பிடித்துக்கொண்டிருக்கும் லீவர் மறுபக்கம் விழுந்துவிடும்.

நான் நாலு சுற்று திருகினேன். எனக்குக் கவர்ன்மெண்ட் உத்தியோகஸ்தர் ரத்தம். எதையும் முழுசாக முடித்துத்தான் பழக்கம்.

லீவர் விழுந்தது. அதைச் சரிபண்ண டயலைக் கழற்றினேன். அடியில் ஒரு தகட்டைத் தூக்கினேன். 'டிங்' என்று ஒரு சத்தம். தலைமுடி கனத்தில் ஒரு ஸ்பிரிங் என் கண்ணெதிரே எழும்பி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தரம் மின்னி, மறைந்தது.

நானும் மனைவியும் பையனும் டார்ச்சோடு தரையில் தவழ்ந்தோம். காந்தம் கட்டி இழுத்துப் பார்த்தோம். கிடைத்தவை: ஒரு கம்மல் திருகாணி, இரண்டு கேரம் காயின், ஒரு ஜுர மாத்திரை. ஸ்பிரிங் இல்லை.

அப்போது பார்த்து அப்பா எட்டிப் பார்த்தார். "என்னடா தேடறீங்க?"

"கம்மல் திருகாணி மாமா" என்றாள் மனைவி, கையில் அதைக் காட்டி. தெய்வம்!

"சரி, வாட்ச் கடைக்காரன் என்ன சொன்னான்?"

"பார்ட்ஸ் வரணுமாம்ப்பா."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதே கேள்வி, அதே பதில். என் வாழ்க்கையில் இவ்வளவு நாள் தொடர்ந்து நான் காப்பாற்றிய பொய் வேறு கிடையாது. ராத்திரி படுத்தால் அந்த 'டிங்' காதில் கேட்கும். நாற்பது வருஷத்துக்கு மேல் அவர் கையில் இருந்ததை நான் அரை மணியில் கெடுத்துவிட்டேன். அவருக்கு எண்பது வயசு ஆவதற்குள் சரியாகுமா என்பதுகூட இல்லை, சரியாகவே சரியாகாமல் போனால்?

* * *

மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே ஆறடிக்கு நாலடி வாட்ச் ரிப்பேர் கடை. பாய்க்கு எழுபது வயசு இருக்கும். டிபன் பாக்ஸைத் திறந்து உள்ளே இருந்ததைக் காட்டினேன். லென்ஸை மாட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தார்.

"யூட்யூப்பா?" என்றார்.

தலையைக் குனிந்தேன்.

"பரவாயில்ல சார். முன்னெல்லாம் மாமியார் வீட்டு வாட்ச்சைத் திறந்துட்டு மாப்பிள்ளைங்க வருவாங்க. இப்ப எல்லாரும் வர்றாங்க." ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தார். உயிர்விட்ட ஹெச்.எம்.டி. எந்திரங்கள் பத்திருபது. ஒன்றிலிருந்து என் ஸ்பிரிங்கின் ஜோடியைக் கிள்ளி எடுத்தார். "அடுத்த தடவை ஸ்பிரிங்கைத் தொடறப்ப பாலித்தீன் கவருக்குள்ள கையை விட்டு வேலை பண்ணுங்க. பறந்தாலும் உள்ளதான் பறக்கும். மடியில ஒரு துணியைக் கட்டி, மறு முனையை மேஜையில குத்திடுங்க."

வாட்ச் ஏன் நின்றது என்று கேட்டேன்.

"வாட்ச் நிக்கல சார், எண்ணெய் நின்னுடுச்சு. காய்ஞ்சு பிசினாயிடுச்சு. கழுவி, புது எண்ணெய் வெச்சா ஓடும். ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. எண்ணெய் கம்மியானாலும் தகராறு, ஜாஸ்தியானாலும் தகராறு."

அந்த வேலையை அவரிடமே விட்டேன். எதை நாமே செய்யக் கூடாது என்று தெரிந்துகொள்வதும் ஹாபியில் ஒரு பாகம்தான்.

பின்மூடியைத் திருப்பி லென்ஸை என்னிடம் நீட்டினார் பாய். உள்பக்கம் ஊசியால் கீறிய எழுத்து: 4/79. அதன் கீழே 9/86. "சர்வீஸ் பண்றவங்க போடற குறி. ஆனா பாருங்க, இந்த ஒரு ஸ்குரூ மட்டும் வேற வாட்ச்சுது. பக்கத்துல டிரைவர் வழுக்கின கீறல். கடைக்காரன் கை இல்ல இது. யாரோ வீட்டுல திறந்திருக்காங்க. உங்களுக்கு முன்னாடியே!"

யாராக இருக்கும்? எங்கள் வீட்டில் அப்பாவைத் தவிர யாரும் அதைத் தொட்டதில்லை. அப்பாவோ, கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும்போது மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்கிற ஆள்.

* * *

அடுத்து டயல். மெல்லிய பித்தளைத் தகட்டை வட்டமாக அறுத்து, பையனின் ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்து, முப்பது டிகிரிக்கு ஒரு கோடு. பன்னிரண்டு கோடும் அழகாக வந்தது. நடு ஓட்டைதான் அரை மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டது. அரை மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். முள்ளை மாட்டிப் பார்த்தால், பன்னிரண்டு மணிக்குக் கோட்டைத் தாண்டிப் போகிறது, ஆறு மணிக்குக் கோட்டுக்கு எட்டவே மாட்டேன் என்கிறது.

பாய் சிரித்தார். "புதுசா எதுக்கு சார் அளக்கறீங்க? பழைய டயலை மேல வெச்சுக் குறி எடுங்க."

அப்படி எடுத்த இரண்டாவது டயல் கச்சிதம். கார் டச்-அப் ஸ்ப்ரேயில் சந்தன நிறம் அடித்து, தூசி படாமல் எவர்சில்வர் டப்பாவில் மூடிக் காயவைத்தேன். பையன் ஆர்வக்கோளாறில் திறந்து பார்த்து, விரலால் தொட்டும் பார்த்துவிட்டான். போலீஸ் ஸ்டேஷனில் எடுத்த மாதிரி அச்சாகக் கைரேகை!

மூன்றாவது டயலுக்கு முன்னால்தான் பெரிய கேள்வி வந்தது. கீழே இருக்கிற செகண்டு முள்.

நான் மனசில் வைத்திருந்தது இரண்டே முள். பாய் எந்திரத்தைத் திருப்பிக் காட்டினார். செகண்டு முள் உட்காருகிற தண்டு, ஊசி முனை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. "இது டயலுக்கு வெளிய வரும். முள் வேணாம்னா தண்டைக் கிள்ளணும். ஒரு செகண்டு வேலை. ஆனா கிள்ளினா திரும்ப வளராது."

"நாளைக்குச் சொல்றேன் பாய்" என்று வந்துவிட்டேன்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. சின்ன வயசில் எனக்கு அடிக்கடி ஜுரம் வரும். அப்பா ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். பார்வை அந்தக் குட்டி முள் மேல். உதடு மட்டும் அசையும். முள் ஒரு சுற்று வருகிற வரைக்கும் வீட்டில் யாரும் பேசக் கூடாது. எண்ணி முடித்து, "ஒண்ணுமில்ல, நாளைக்கு ஸ்கூல் போலாம்" என்பார். டாக்டர் சொன்னால்கூட அவ்வளவு நிம்மதி இருக்காது.

அதையா கிள்ளுவது?

மறுநாள் பாயிடம், "முள் இருக்கட்டும்" என்றேன். கௌரவத்துக்காக, "படேக் ஃபிலிப் கம்பெனி 1932-ல் கலத்ராவான்னு ஒரு டிரஸ் வாட்ச் போட்டான். அதுலயே ஆறு மணி இடத்துல குட்டி செகண்டு முள் இருக்கு" என்று சேர்த்துக்கொண்டேன்.

"அவன் வெச்சா சரி" என்றார் பாய், சீரியஸாக.

* * *

ஆன்லைனில் வரவழைத்த எஃகு கேஸ் பெரிசு, எந்திரம் சிறிசு. நடுவே ஒரு பித்தளை வளையம் வேண்டும். அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். "சார், நாங்க பம்ப் ஷாஃப்ட் கடையறவங்க. இது என்ன, எறும்புக்கு மோதிரமா?" என்றார் முதலாளி. இருந்தாலும் கடைந்து கொடுத்தார். முதல் வளையம் ஒரு நூலிழை கனம் அதிகம். கேஸின் ஓட்டையும் சாவித் தண்டும் நேர்கோட்டில் வரவில்லை. சாவி கொடுத்தால் திருகுக் குழாய் மாதிரி இறுகியது. இரண்டாவது வளையத்துக்கு அவர் காசு வாங்கவில்லை. "ஓடினா கொண்டாந்து காட்டுங்க" என்றார்.

தண்டை அளவுக்கு வெட்டும்போது பாய் சொன்னதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: "கொஞ்சம் கொஞ்சமா அரைங்க. நீளமா இருந்தா அரைக்கலாம். குட்டையாயிட்டா இழுக்க முடியாது." வாட்ச்சுக்கு மட்டும் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

பெரியமேட்டில் வாங்கிய துண்டுத் தோலில் ஸ்ட்ராப் தைத்தேன். விரலில் ஏழு குத்து. முள் மாட்டுவதற்கு இரண்டு ராத்திரி. மணி முள்ளும் நிமிஷ முள்ளும் பன்னிரண்டில் ஒன்றன் மேல் ஒன்று உட்கார வேண்டும். ஒன்றோடொன்று உரசவும் கூடாது, கண்ணாடியைத் தொடவும் கூடாது. டயலில் என்ன பெயர் போடுவது என்று வீட்டில் விவாதம். பையன் 'ரோலக்ஸ்' என்றான். மனைவி தன் பெயரைச் சொன்னாள். வெறுமையாகவே விட்டேன்.

செல்போனில் ஓர் ஆப் இருக்கிறது. வாட்ச்சின் டிக் டிக்கைக் கேட்டு எவ்வளவு வேகம் என்று சொல்லும். இந்த எந்திரம் மணிக்கு 18,000 முறை துடிக்க வேண்டும். அதாவது செகண்டுக்கு ஐந்து, நாளைக்கு 4,32,000. முதலில் நாளைக்கு ஒன்றரை நிமிஷம் ஸ்லோ. உள்ளே உள்ள ஊசியை மயிரிழை நகர்த்தி நகர்த்தி, இருபது செகண்டு ஃபாஸ்டில் நிறுத்தினேன். ஒரு நாளில் 86,400 செகண்டு. கணக்குப் போட்டால் 99.98 சதவிகிதம் சரி. எங்கள் ஆபீஸில் 99.98 சதவிகிதம் நேரத்துக்கு வருகிற ஒரே ஓர் ஆளைக் காட்டுங்கள், இந்த வாட்ச்சை அவருக்கே கொடுத்துவிடுகிறேன்.

* * *

அந்த ஆடி ஞாயிறு. பாயசம் ஆனதும் டப்பாவை அப்பாவிடம் கொடுத்தேன்.

சந்தன டயல், இரண்டு நீல முள், கீழே குட்டி வட்டம். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "புது வாட்ச் எதுக்குடா, வீண் செலவு" என்றபடி எடுத்தவர், பழக்க தோஷத்தில் காதருகே கொண்டுபோனார்.

அப்படியே நின்றுவிட்டார்.

"டேய், இது என்னுது."

நான் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். நாலு சுற்று திருகியது, ஸ்பிரிங் பறந்தது, பார்ட்ஸ் வரணும் என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமைகள். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"86-ல நானும் திறந்தேன்டா. மணி தப்பாக் காட்டுதேன்னு, தையல் மிஷின் ஸ்குரூ டிரைவரை வெச்சு. ஒரு ஸ்குரூ எகிறிடுச்சு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தேடினேன். கடைக்காரன் வேற ஒண்ணு போட்டுக் குடுத்தான். உங்கம்மாவுக்கு இன்னி வரைக்கும் தெரியாது."

"தெரியுமே" என்றது சமையலறை.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தையல் மிஷின் டிராயரைத் திறந்து, ஒரு பழைய அமிர்தாஞ்சன் பாட்டிலை எடுத்து டேபிளில் கவிழ்த்தாள். பட்டன், கொக்கி, ஊக்கு. நடுவே கடுகில் பாதி அளவுக்கு ஒரு ஸ்குரூ.

"மறுநாள் காலைல பெருக்கறப்ப கிடைச்சுது. கேட்டா குடுக்கலாம்னு எடுத்து வெச்சேன். கேக்கவே இல்ல." பிறகு விரலால் இன்னும் கொஞ்சம் கிளறி, முடி கனத்தில் ஒரு ஸ்பிரிங்கை என் பக்கம் நகர்த்தினாள். "இது உன்னுது. மே மாசம் கிடைச்சுது. நீயும் கேக்கல."

அப்பா வாட்ச்சைக் கட்டிக்கொண்டார். என் மணிக்கட்டைப் பிடித்து, குட்டி முள்ளைப் பார்த்தபடி உதட்டை அசைத்தார். ஒரு சுற்று முடிகிற வரை வீட்டில் யாரும் பேசவில்லை.

"ஒண்ணுமில்ல. நாளைக்கு ஆபீஸ் போலாம்" என்றார்.

இப்போது மனைவிக்காக ஒரு வாட்ச் ஆரம்பித்திருக்கிறேன். ஆனால் ஃபேனை நிறுத்துவதில்லை. எது பறந்தால் என்ன, மறுநாள் காலையில் அம்மா பெருக்குவாள். இந்தத் தடவை கேட்டு வாங்கிக்கொள்வேன்.